இருப்பில் உள்ள வெல்லம் இலாபமாகுமா?

கரும்பை வெட்டிச் சர்க்கரை ஆலைக்கு அனுப்புவதோடு நில்லாமல், தோட்டத்திலேயே கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சும் உழவர்கள் ஈரோடு, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பலர் உள்ளனர். கொப்பரையை அடுப்பில் ஏற்றிய நாள் முதல் அவர்கள் ஓர் உற்பத்தித் தொழிலையும் நடத்துகின்றனர். எனவே, ஒரு சிப்பத்திற்கு அடக்கம் என்ன என்ற கேள்வி அவர்களுக்கு எழுகிறது. இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் சரியானவையே. எந்த விடையை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் தவறு நேர்கிறது.

செலவில் இரு வகை

கரும்பு, வெட்டுக்கூலி, பிழியும் எந்திரத்திற்கான டீசல், சுண்ணாம்பு, சாக்கு ஆகியவை காய்ச்சும் அளவுக்கு ஏற்பக் கூடும், குறையும். இவை மாறும் செலவுகள். கொட்டகை வாடகை, எந்திரத் தேய்மானம், காவல்காரர் சம்பளம் ஆகியவை ஒரு சிப்பம் காய்ச்சினாலும் ஆயிரம் சிப்பம் காய்ச்சினாலும் மாறுவதில்லை. இவை நிலையான செலவுகள். பாகின் பதம் பார்ப்பவருக்குக் கொப்பரைக் கணக்கில் கூலி தந்தால் அது மாறும் செலவு; பருவம் முழுவதற்கும் பேசிவிட்டால் அதுவே நிலையான செலவாகிவிடும். சொந்தக் கரும்புதானே என்று அதற்கு விலை போடாமல் விடுவது பெரும்பிழை. சர்க்கரை ஆலைக்கு அனுப்பியிருந்தால் கைக்கு வந்திருக்கும் தொகையை அதன் விலையாக எழுத வேண்டும்.

நிலையான செலவையும் சிப்பங்களின் மீது பங்கிட்டு ஏற்றுவது முழு அடக்க முறை. கணக்காளர்கள் இதனை அப்சார்ப்ஷன் காஸ்டிங் என்பர். மாறும் செலவை மட்டும் சிப்பத்தின் அடக்கமாகக் கொண்டு, நிலையான செலவு முழுவதையும் அப்பருவத்திலேயே கழித்துவிடுவது மாறும் செலவு முறை.

ஓர் எடுத்துக்காட்டு

புரிந்துகொள்ள எளிதாக முழு எண்களையே எடுத்துக்கொள்வோம். 100 கிலோ கரும்பிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ வெல்லம் கிடைக்கிறது. ஆகவே, 30 கிலோ சிப்பத்திற்கு 300 கிலோ கரும்பு தேவை. டன் ரூ.3,000 வீதம் இதன் விலை ரூ.900. மற்ற மாறும் செலவுகள் ரூ.200. ஆக, சிப்பத்திற்கு ரூ.1,100. பருவத்தின் நிலையான செலவு ரூ.3,00,000. விற்பனை விலை ரூ.1,300.

முதல் பருவத்தில் 2,000 சிப்பம் காய்ச்சி அனைத்தையும் விற்றால், இரு முறைகளிலும் இலாபம் ரூ.1,00,000 தான். இருப்பு இல்லாத இடத்தில் வேறுபாடும் இல்லை.

இரண்டாம் பருவத்தில் 3,000 சிப்பம் காய்ச்சி, முன்போலவே 2,000 மட்டும் விற்றதாகக் கொள்வோம். முழு அடக்க முறையில் நிலையான செலவு சிப்பத்திற்கு ரூ.100 ஆகக் குறைகிறது, அடக்கம் ரூ.1,200. இலாபம் ரூ.2,00,000 எனக் கணக்கு காட்டும். விலையும் ஏறவில்லை, விற்பனையும் கூடவில்லை. ஆனால் இலாபம் இரு மடங்கு! மாறும் செலவு முறையிலோ இலாபம் அதே ரூ.1,00,000. இடையிலுள்ள ஓர் இலட்சம், விற்காத 1,000 சிப்பங்களின் மீது ஏற்றப்பட்டுக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது.

கைப்பணத்தைப் பார்த்தால் நிலைமை விளங்கும். அப்பருவத்தில் செலவு ரூ.36,00,000, வரவு ரூ.26,00,000. இரண்டு இலட்சம் இலாபம் என்று நம்பி மற்றொரு கொப்பரைக்குக் கடன் வாங்குபவர் பத்து இலட்சத்திற்குத் தவிக்க நேரிடும்.

மூன்றாம் பருவத்தில் 1,000 சிப்பம் மட்டும் காய்ச்சி, பழைய இருப்பையும் சேர்த்து 2,000 விற்றால், மாறும் செலவு முறையில் இலாபம் மீண்டும் ரூ.1,00,000. முழு அடக்க முறையில் பழைய இருப்பு ரூ.12,00,000, புதியது ரூ.14,00,000, மொத்தம் ரூ.26,00,000. விற்றதும் அதே தொகை. இலாபம் சுழி! இரு பருவங்களையும் கூட்டினால் எம்முறையிலும் ரூ.2,00,000 தான் வருகிறது. எந்தப் பருவத்தில் இலாபம் தெரிகிறது என்பதே வேறுபாடு.

பழைய வெல்லமும் அதே ரூ.1,300க்கு விற்றதாக மேலே கொண்டோம். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிந்து, நிறம் கறுத்த வெல்லத்திற்கு அந்த விலை கிடைப்பது அரிது என்பதை உழவர்கள் அறிவார்கள்.

குறைந்த விலைக்குக் கேட்டால்?

சாதாரணமாக 2,000 சிப்பம் காய்ச்சும் ஒருவருக்கு முழு அடக்கம் ரூ.1,250. ஒரு வியாபாரி, கூடுதலாக 500 சிப்பம் வேண்டும், ரூ.1,180 தருகிறேன் என்கிறார். முழு அடக்கத்தை மட்டும் பார்ப்பவர் நட்டம் என்று மறுத்துவிடுவார். ஆனால், நிலையான செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது; கொட்டகையும் சும்மா இருக்கிறது. மாறும் செலவு ரூ.1,100 போகச் சிப்பத்திற்கு ரூ.80 வீதம் ரூ.40,000 மிஞ்சும். வழக்கமாக வாங்குபவர்கள் இந்த விலையைக் கேள்விப்பட்டு அவர்களும் குறைத்துக் கேட்கமாட்டார்கள் என்றால், தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

அதற்காக எல்லாச் சிப்பத்தையும் ரூ.1,180க்குத் தர முடியாது. 2,000 சிப்பத்திற்கு ரூ.80 வீதம் ரூ.1,60,000 தான் கிடைக்கும், ரூ.1,40,000 நட்டம். வழக்கமான ரூ.1,300 விலையில் சிப்பத்திற்கு ரூ.200 மிஞ்சுவதால், 1,500 சிப்பம் விற்ற பிறகே நிலையான செலவு தீர்ந்து இலாபம் தொடங்குகிறது. இந்த எண்ணை ஆலைக்காரர் ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்து கண்டறிந்து வைத்துக்கொள்வது நல்லது. நீண்ட கால விலையை முடிவு செய்யும்போது முழு அடக்கத்தையே பார்க்க வேண்டும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து வெல்லம் காய்ச்சுவோர் ஆண்டுக் கணக்கில் முழு அடக்க முறையைத்தான் கடைப்பிடிக்க வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 2 இருப்பின் மதிப்பில் உற்பத்திக்கான நிலையான செலவின் பங்கையும் சேர்க்கச் சொல்கிறது. அப்பங்கை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துக் கணக்கிட வேண்டும். காய்ச்சல் குறைந்த ஆண்டில் மிஞ்சும் நிலையான செலவை இருப்பின் மீது ஏற்றக்கூடாது. விற்றால் கிடைக்கக்கூடிய நிகரத் தொகை அடக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகையையே எழுத வேண்டும். கறுத்த வெல்லத்தை நல்ல வெல்லத்தின் அடக்கத்தில் எழுதுவதற்கு இடமில்லை.

தனி உழவர் ஒரு நோட்டில் இடப்பக்கம் மாறும் செலவையும் வலப்பக்கம் நிலையான செலவையும் அன்றன்றே எழுதி, ஒவ்வொரு சனிக்கிழமையும் கொட்டகையிலுள்ள சிப்பங்களை எண்ணி அடியில் குறித்து வந்தால், பருவ முடிவில் இரு கணக்குகளையும் ஒரு மணி நேரத்தில் போட்டுவிடலாம்.