நெட்வொர்க் டிரைவில் பழைய பைல் தெரிகிறதா?

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தால், ஒன்றில் உள்ள போல்டரை ஷேர் செய்து, மற்றதில் அதனை ஒரு டிரைவ் போலப் பயன்படுத்தலாம். நல்ல வசதிதான். ஆனால், ஒன்றில் திருத்தி சேவ் செய்த பைல், மற்றதில் பழையபடியே தெரிவது உண்டு. வைரஸ் என்று பயந்து பார்மட் செய்யக் கிளம்ப வேண்டாம்.

திருநீர்மலையில், கோயில் திருமணங்களுக்குப் பத்திரிகை அடித்துத் தரும் ஒரு டிடிபி கடையில் இதனைப் பார்த்தேன். முன்னறைக் கம்ப்யூட்டரில் முகூர்த்த நேரத்தைத் திருத்தி சேவ் செய்துவிட்டார்கள். பிரிண்டர் உள்ள கம்ப்யூட்டரிலோ பழைய நேரம்! மாதிரித் தாளைப் பெண் வீட்டார் பார்த்ததால், ஐநூறு பத்திரிகைகள் தப்பின.

காரணம் கேஷ். ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் வழியே கேட்டால் வேகம் குறையும். எனவே, சற்று முன் வாங்கிய தகவலைக் கம்ப்யூட்டர் தன்னிடமே வைத்துக் கொண்டு காட்டுகிறது. விண்டோஸ், ஷேர் செய்த போல்டரின் பட்டியலை வழக்கமாக 10 விநாடிகள் வரை இப்படி வைத்திருக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984ல் கொண்டு வந்த என்.எப்.எஸ். முறையை லினக்ஸில் பயன்படுத்தினால், பைலின் அளவு, தேதி போன்றவை 3 முதல் 60 விநாடிகள் வரை பழையதாக இருக்கலாம்.

முதலில், பைல் உண்மையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கே செல்லுங்கள். பைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் விண்டோவில் அளவையும், கடைசியாகத் திருத்திய நேரத்தையும் பாருங்கள். அங்கும் பழையதா? திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. திருத்திய கம்ப்யூட்டரில் மீண்டும் சேவ் செய்து, பைலை மூடுங்கள்.

அங்கு புதியது இருந்தால், மற்ற கம்ப்யூட்டரில் எப்5 கீயை அழுத்துங்கள். அப்போதும் பழையதே வந்தால், அந்த பைல் ஏற்கனவே ஏதேனும் புரோகிராமில் திறந்திருக்கிறதா எனப் பாருங்கள். அந்தக் கடையில் நடந்தது இதுதான். காலையில் திறந்த பைல் மெமரியிலேயே இருந்தது. எப்5 அதனைத் தொடாது. மூடித் திறந்ததும் சரியான நேரம் வந்தது.

விண்டோஸ் புரோ பதிப்பு எனில், ஆப்லைன் பைல்ஸ் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது தனி நகல் ஒன்றை வைத்துக் கொள்ளும்.

லினக்ஸில் "நோஏசி" என்ற ஆப்ஷன் தந்து இந்தக் கேஷை நிறுத்தலாம். வேகம் வெகுவாகக் குறையும். வீட்டிற்குத் தேவையில்லை என்பேன்.

இன்னொன்று. ஒரே பைலை இருவர் திறந்தால் வேர்ட் எச்சரிக்கும். நோட்பேட் எச்சரிக்காது, கடைசியாக சேவ் செய்தவரின் பைல்தான் மிஞ்சும்.