ஏரிக்கரையில் முதலில் நீங்கள் இறங்குங்கள்

ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு 401 நெடுஞ்சாலை வழியே கிட்டத்தட்ட 540 கிலோமீற்றர். கலியாணம், கோயில் திருவிழா என்று கோடையில் இந்தப் பாதையில் ஓடாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. நாங்கள் எங்கள் கறுப்பு லப்ரடோர் சீசரையும் ஏற்றிக்கொண்டுதான் போவோம். பாதி வழியில் கிங்ஸ்ரன் வரும். அங்கே லேக் ஒன்ராறியோ பூங்காவில் நிழல் பார்த்து இறங்கி, கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டு, அவனையும் காலாற நடக்கவிட்டுப் பிறகுதான் மீதித் தூரம்.

தண்ணீர்க்கரை என்றால் நாய்க்குக் குளிர்ச்சி, வெயில் பயம் இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் கவனிக்க வேண்டியதே அந்தத் தண்ணீரைத்தான். வண்டி நின்றதும் கதவைத் திறந்து நாயை ஏரிக்கு ஓடவிடக்கூடாது. வீட்டாரில் ஒருவர் குளிரூட்டியைப் போட்டபடி சீசரோடு வண்டியில் இருப்பார். நான் இறங்கிக் கரையோரம் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வருவேன்.

முதலில் தேடுவது நீலப்பச்சைப் பாசியை. பெயர்தான் பாசி, உண்மையில் அது சயனோபக்டீரியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். வெப்பமும் காற்றில்லாத நாட்களும் சேர்ந்தால், கோடையின் பிற்பகுதியில் ஆழமில்லாத குடாக்களில் பெருகும். வயல்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வந்து சேரும் பொஸ்பரஸ்தான் அதற்குத் தீனி. பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் நீர்மேல் படியும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையின் ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். நாய் வாய் வைப்பதும் அந்த மூலையில்தான். சில வகைகளின் நஞ்சு ஈரலைத் தாக்கும், சில நரம்பைத் தாக்கும். கடுமையானால் சில மணி நேரத்தில், சிலவேளை அதற்கும் முன்னரே நாய் இறந்துவிடும். மாற்று மருந்து கிடையாது. எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே நிறத்தில் சந்தேகம் வந்தால் அன்றைக்கு நீச்சல் இல்லை. தவறி இறங்கிவிட்டால், உடம்பை நக்கவிடாமல் உடனே நல்ல தண்ணீரால் கழுவி, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். இதற்காகவே ஒரு பெரிய கலன் தண்ணீரும் பழைய துவாயும் எங்கள் வண்டியில் எப்போதும் இருக்கும்.

அடுத்தது கிளிஞ்சல். 1988இல் பேரேரிகளில் கண்டுபிடிக்கப்பட்ட வரிக்குதிரைச் சிப்பிகள் இன்று ஒன்ராறியோ ஏரிக் கற்களில் அப்பிக் கிடக்கின்றன. உடைந்த ஓடு பிளேட் மாதிரி பாதத்தை வெட்டும். கனடா வாத்துகள் குஞ்சோடு நிற்கும் இடத்தையும் விட்டு விலகுங்கள். அவற்றின் எச்சத்தைக் கண்டால் சீசர் விடமாட்டான், வயிற்றுக்கு ஆகாது.

வெயிலைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. தார்த்தரையில் புறங்கையை வைத்து ஏழு வினாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. வெளியே 21 பாகை இருக்கும் இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 30ஐத் தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. நிழலில் நின்றபின்னும் மூச்சிரைப்பு அடங்காமல், முரசு சிவந்து, நடை தள்ளாடினால், உடம்பு முழுவதையும் குளிர்ந்த நீரால் நனைத்துக் காற்றுப்படுத்துங்கள். நனைத்தபடியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில்தான் வீட்டுக்குள்ளேயே போராட்டம். அம்மாவுக்கு மனம் கேட்காது. “பாவமடா, வாயைப் பார்த்துக்கொண்டிருக்குது, ஒரு உருண்டை குடன்” என்பார். எங்கள் சோற்றுப் பொதியில் வெங்காயமும் உள்ளியும் இல்லாத கறி ஏது? இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. ரோல்ஸ், கட்லட் எல்லாவற்றிலும் வெங்காயம் உண்டு. கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதை அம்மாவிடம் வாதாடி வெல்ல முடியாது என்பதால், உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழியும் சோறும் தனி டப்பாவில் கொண்டுபோகிறோம். அம்மாவே தன் கையால் குழைத்துக் கொடுப்பார். இருவருக்கும் நிறைவு.

கயிறு கையைவிட்டுப் போகக்கூடாது. மாகாணப் பூங்காக்களில் 2 மீற்றருக்கு மேல் நீளக் கயிறு கூடாதென்பது விதி. நகரப் பூங்காவிலும் நாங்கள் அதையே பின்பற்றுகிறோம். நம் ஆட்களில் நாயைக் கண்டால் நடுங்குகிற முதியவர்களும் பிள்ளைகளும் நிறையப் பேர். “ஒன்றும் செய்யாது” என்று தூரத்திலிருந்து சத்தம்போடுவது அவர்களுக்கு ஆறுதல் தராது. கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நாமே விலகி நடப்பதுதான் மரியாதை.

கிங்ஸ்ரன் பக்கம் கறுப்புக்கால் உண்ணி அதிகம். லைம் நோயைப் பரப்புவது அதுதான். பெரும்பாலும் ஒரு நாளாவது ஒட்டியிருந்தால்தான் கிருமி உள்ளே போகும். ஆகவே அன்றிரவே காது மடல், கழுத்துப் பட்டிக்குக் கீழ், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். கண்டால் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். எண்ணெய் பூசுவது, நெருப்பால் சுடுவது இரண்டும் வேண்டாம்.

கடைசியாக, நாய் வளர்க்காதவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோழி எலும்பையும் சோளப்பொத்தியையும் இறைச்சி குத்திய மூங்கில் குச்சியையும் புல்லில் எறியாதீர்கள். சமைத்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். சோளப்பொத்தி குடலை அடைத்து அறுவைச் சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய் விடும். அடுப்புக் கரியை மரத்தடியில் கொட்டிவிட்டும் போகாதீர்கள். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே மணிக்கணக்காகத் தணல் இருக்கும். எல்லாவற்றையும் அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.