நாயின் சொறி: நோயறிந்து மருந்திடுவோம்

ஆட்டுப் பட்டியையும், களத்து நெல்லையும், இரவில் வீட்டு வாசலையும் காத்து நிற்பது நாயே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எனப் பெயர்பெற்ற இனங்கள் நம் கிராமங்களில் வளர்ந்தவையே. மாடு நோயுற்றால் அன்றே கால்நடை மருந்தகத்தை நாடும் நாம், நாய்க்கு மயிர் உதிர்ந்து அரிப்புக் கண்டால் அதனை விரட்டுகிறோம். அல்லது கைக்கு அகப்பட்ட எண்ணெயைப் பூசிவிட்டு வாளாவிருக்கிறோம். இரண்டும் தவறு. சொறி என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான குறியாகும். நோய் இன்னதென அறியாமல் இடும் மருந்து பயன் தராது. சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கும்.

தோற்றம் ஒன்று, நோய் பல

முதலாவது, சார்கோப்டிஸ் என்னும் நுண்ணிய சிற்றுண்ணியால் வருவது. இது தோலைக் குடைந்து வாழ்வதால் நாய் இரவு பகலாகச் சொறியும். காதோரம், முழங்கை, பின்கால் மூட்டு, வயிறு ஆகிய இடங்களில் மிகுதியாகக் காணும். பிற நாய்களுக்கு விரைவில் தொற்றும். நாயுடன் விளையாடும் குழந்தைகளுக்கும் அரிப்பும் தடிப்பும் உண்டாகும்.

இரண்டாவது, மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணியால் வருவது. பிறந்த சில நாட்களில் தாயிடம் பால் குடிக்கும்போது இது குட்டியை வந்தடைகிறது. பெரும்பாலும் தீங்கின்றியே இருக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றினால் பெருகும். கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் மயிர் உதிரும். தொடக்கத்தில் அரிப்புக் குறைவு. இது மனிதருக்குத் தொற்றாது.

மூன்றாவது, பூஞ்சணத்தால் வரும் படர்தாமரை. வட்டவட்டமாக மயிர் உதிரும். இது மனிதருக்கும் தொற்றும்.

நான்காவது, தெள்ளுப்பூச்சிக் கடியால் வரும் ஒவ்வாமை. இதில் இடுப்பும் வாலடியும் புண்ணாகும். நாயின் மயிரைச் சீவி, விழும் கருந்துகளை நனைந்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். அது செந்நிறமாகக் கரைந்தால், தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்று அறியலாம்.

இவற்றுள் எது வந்தாலும், பின்னர்ச் சீழும் துர்நாற்றமும் சேர்ந்து மூல நோயை மறைத்துவிடும்.

மருத்துவர் செய்யும் சோதனை

கால்நடை மருத்துவர் புண்ணின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் சுரண்டி, அதனை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். டெமோடெக்ஸ் ஆழத்தில் இருப்பதால், சிறிது இரத்தம் கசியும்வரை சுரண்ட நேரிடும், அஞ்ச வேண்டுவதில்லை. சார்கோப்டிஸ் எண்ணிக்கையில் குறைவாதலால், நோய் இருந்தும் அகப்படாமல் போவதுண்டு. அப்பொழுது குறிகளைக் கொண்டே மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம். படர்தாமரையை உறுதி செய்ய மயிரை எடுத்துப் பூஞ்சணத்தை வளர்த்துப் பார்ப்பர். இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

இவ்வளவு சோதனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி, ஒவ்வாமைக்கு உதவும். அதே ஊசி டெமோடெக்ஸ் உள்ள நாயின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து நோயை உடலெங்கும் பரப்பும். மருந்து ஒன்றே, விளைவுதான் வேறு.

செய்யத் தகாதவை

1. வண்டியில் ஓடிக் கழிந்த என்ஜின் எண்ணெயைப் பூசுதல் கூடாது. நாய் அதனை நக்கும். நஞ்சு உடலில் சேரும்.

2. வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தையும், கற்பூரம் கலந்த எண்ணெயையும் பயன்படுத்தலாகாது.

3. ஆடு மாடுகளுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் மருந்தை உத்தேசமாக நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. அளவு மிகின் நரம்பு பாதிக்கப்படும். கோலி முதலிய சில இனங்கள் சிறிய அளவையும் தாங்குவதில்லை.

மருந்தகம் செல்லுமுன்

இரண்டு மூன்று நாட்கள் நாயைக் குளிப்பாட்டாமலும், எதுவும் பூசாமலும் அழைத்துச் செல்க. நோய் எப்பொழுது, எந்த இடத்தில் தொடங்கியது, அரிப்பு முந்தியதா மயிர் உதிர்ந்தது முந்தியதா, வீட்டில் எவருக்கேனும் அரிப்பு உண்டா, முன்பு என்ன மருந்து இட்டீர்கள் என்பவற்றை மறையாமல் கூறுக. மயிர் முளைத்துவிட்டது என்று மருந்தை நிறுத்தலாகாது. டெமோடெக்ஸ் நோயில், ஒரு மாத இடைவெளியில் இருமுறை சுரண்டிப் பார்த்தும் உண்ணி இல்லை எனக் கண்ட பின்னரே சிகிச்சை முடிவுறும்.

பஞ்சாயத்தின் பங்கு

சொறி நாய் வேறு. வெறி நாய் வேறு. மயிரிழந்த நாயைக் கண்டு அஞ்சி அடித்துக் கொல்வது அறியாமை, சட்டத்திற்கும் மாறானது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும், வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு என 2023ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளிலேயே, தோல் நோயுற்ற நாய்களையும் பரிசோதிக்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்கள் கால்நடை மருத்துவரை வேண்டிக் கொள்ளலாம். முகாம் நாளை முன்னதாகவே ஊராருக்கு அறிவிக்கலாம்.

சொறியால் வாடும் நாய்களுள் பெரும்பாலானவை முறையான சிகிச்சையால் குணமடையக் கூடியவை. அவற்றுக்கு முதலில் வேண்டுவது மருந்தன்று. நோய் இன்னதென்ற தெளிவு. அத்தெளிவு பிறந்தால் காவல் நாயும் பிழைக்கும். அதனுடன் விளையாடும் நம் குழந்தைகளும் நலம் பெறுவர்.