நீல நிறமும் மூன்று இலட்சம் மேற்கோள்களும்

"சிஸ்டர், விஞ்ஞானிகளுக்கும் மார்க் உண்டா? ஒருவருடைய ஆராய்ச்சி பெரியதா சிறியதா என்று யார் சொல்வார்கள்?"

எங்கள் வகுப்பில் ஒருத்தி இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்போது நாங்கள் ஆய்வுக்கூடத்தில், முட்டையின் வெள்ளைக்கருவில் காஸ்டிக் சோடாக் கரைசலையும் சில துளி மயில்துத்தக் கரைசலையும் விட்டு, அது ஊதா நிறமாவதைப் பார்த்துக் கொண்டிருந்தோம். புரதம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மார்க் உண்டு. அந்தக் கதையை உங்கள் கையிலுள்ள சோதனைக் குழாயிலிருந்தே தொடங்கலாம்" என்றார். அன்றிலிருந்து ஒரு மாதம் நூலகத்தில் தேடியும் சிஸ்டரைத் தொல்லைப்படுத்தியும் அறிந்து கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஆலிவர் லௌரி என்பவர் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உயிர்வேதியியலார். 1951-ஆம் ஆண்டு அவரும் வேறு மூவரும் சேர்ந்து ஓர் ஆய்விதழில் 11 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். புரதத்தை அளப்பது எப்படி என்பதே அதன் பொருள். நாங்கள் செய்த சோதனையைப் போலவே முதலில் காரக் கரைசலில் தாமிரத்தைப் புரதத்துடன் சேரவிட வேண்டும். பிறகு ஃபோலின் என்பவர் பெயரால் வழங்கும் வினைபொருளை ஊற்ற வேண்டும். கரைசல் நீலமாகும். புரதம் மிகுந்தால் நீலமும் அடர்ந்து வரும். அந்த அடர்த்தியைக் கருவியால் அளந்தால் புரதத்தின் அளவு கிடைத்துவிடும். எங்கள் ஊதாச் சோதனையைவிட இது நூறு மடங்கு நுட்பமானதாம்!

இனி மார்க் போடும் முறைக்கு வருவோம். ஆராய்ச்சியாளர் ஒருவர் கட்டுரை எழுதும்போது, தாம் யார் யாருடைய கட்டுரைகளைப் பயன்படுத்தினார் என்பதை இறுதியில் பட்டியலிட்டுக் காட்டுவார். அப்படி ஒருமுறை சுட்டிக் காட்டினால் அது ஒரு மேற்கோள். யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர், சட்டத்துறையில் பழைய தீர்ப்புகளைப் பின்வந்த வழக்குகள் எங்கெங்கே எடுத்துக் காட்டின என்று தொகுக்கும் நூலைக் கண்டு, அறிவியலுக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று எண்ணினார். அதன் பயனாக 1964-இல் அறிவியல் மேற்கோள் சுட்டி வெளிவந்தது.

2014-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழ், மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளின் பட்டியலை வெளியிட்டது. முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? லௌரியின் நீல நிறத்துக்குத்தான். மூன்று இலட்சத்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்! டி.என்.ஏ.யின் அமைப்பை உலகுக்குக் காட்டிய வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கோ அந்த நூறில் இடமே இல்லை. எங்களுக்கு இது அநியாயமாகப் பட்டது. சிஸ்டர் ஓர் உவமை சொன்னார். நம் வீட்டில் அன்றாடம் கைக்கு வருவது அரிவாள்மனை. பெட்டியில் பூட்டியிருப்பது பாட்டியின் அட்டிகை. எத்தனை முறை எடுத்தோம் என்று எண்ணினால் அரிவாள்மனைதானே வெல்லும்? லௌரி தாமே இதைச் சிறந்த கட்டுரை என்று கருதவில்லை என்றும், ஆயினும் உள்ளூர மகிழ்ச்சிதான் என்றும் சொல்லியிருக்கிறாராம். அவர் மனம் தோய்ந்து செய்த வேலை வேறு: ஒற்றை நரம்புச் செல்லுக்குள் நடக்கும் வேதிவினையைக்கூட அளந்துவிடும் முறைகளை உருவாக்கியவர் அவர்.

2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலார் 'எச் எண்' என்றொரு புதுக் கணக்கைச் சொன்னார். ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 10, 7, 5, 4, 1 மேற்கோள்கள் கிடைத்தன என்று வைத்துக் கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு. ஆகவே எச் எண் 4. கரும்பலகையில் இதைப் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தபோதே எங்களுக்கு ஒன்று தோன்றியது. மூன்று இலட்சம் மேற்கோள் பெற்ற ஒரே ஒரு கட்டுரையை மட்டும் எழுதியவருக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது வெறும் 1!

ஆனால், எங்கள் மனத்தைத் தைத்தது கணக்கன்று, பெயர்கள். 1951-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் ஆலிவர் லௌரி, நைரா ரோஸ்ப்ரோ, லூயிஸ் ஃபார், ரோஸ் ராண்டல் என்ற நால்வர். நைராவும் ரோஸும் பெண்கள் என்பதைப் பெயர்களே சொல்கின்றன. உலகம் அதை 'லௌரி முறை' என்றே அழைக்கிறது. சுட்டியிலும் தொடக்கக் காலத்தில் முதற்பெயரின் கீழேதான் மேற்கோள்கள் அடுக்கப்பட்டன. சென்ற ஆண்டு வெளியூரில் நடந்த ஓர் அறிவியல் கண்காட்சிக்கு எங்களில் நால்வர் இரவெல்லாம் கண்விழித்து ஒரு மாதிரி செய்து கொண்டுபோனோம். பரிசும் வந்தது. சான்றிதழில் ஒருத்தியின் பெயரும், அதன் பக்கத்தில் 'குழுவினர்' என்ற சொல்லும் இருந்தன. பெயர் வந்தவளே அன்று பேருந்தில் அதிகம் அழுதாள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்பு ஹார்வர்டுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் கதை சற்று வேறு. பாஸ்பரஸை அளக்க அவரும் ஃபிஸ்க் என்பவரும் 1925-இல் ஒரு முறையை வெளியிட்டனர். வியப்பு என்னவென்றால் அதிலும் அளப்பது நீல நிறத்தைத்தான்! சுட்டியில் அது ஃபிஸ்க்கின் கீழே போனாலும், ஆய்வுக்கூடங்களில் 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை' என்றே இன்றும் வழங்குகிறது. ஆசிரியர்கள் இருவராக இருந்ததால் இரண்டாம் பெயரும் பிழைத்தது போலும்.

இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு நாங்கள் லௌரி முறையையே படமாக எழுதிக் கொண்டுபோனோம். நைரா, ரோஸ் ஆகியோரின் பெயர்களைப் பெரிய எழுத்தில் போட்டோம். கீழே எங்கள் நால்வர் பெயரையும் வட்டமாக எழுதினோம். பார்வையிட வந்த நடுவர் தலையை ஒருமுறை முழுவதும் சுற்றிப் படித்துவிட்டு, "இதில் தலைவி யாரம்மா?" என்று கேட்டார்.