கடல் தாண்டப் போகும் பி.எஸ்.சி. பிள்ளைகளுக்கு

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் முப்பது வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகும் சனிக்கிழமை காலையில் யாராவது கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார், வெளிநாட்டில் படிக்க எந்த நாடு நல்லது?" காபி ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால் எழுதிவிட்டேன்.

1. நாட்டைக் கேட்காதே, ஆளைக் கேள். நமக்குப் பாடம் பாதி, லேப் பாதி. அங்கே எந்தக் கருவியில் உன்னைக் கை வைக்க விடுவார்கள், பக்கத்தில் நின்று சொல்லித்தரப்போவது யார் என்று தெரியாத இடத்துக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டாதே. வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியை முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியபோது வயது 19. யாரிடம் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஃபவுலரைப் படித்து, தன் கட்டுரையை ஃபவுலருக்கே அனுப்பி, முந்தின வருஷமே அது ராயல் சொசைட்டி இதழில் அச்சாகியிருந்தது. கப்பலில் போட்ட கணக்கும், வெண்குறு விண்மீன்களைப் பற்றி ஃபவுலர் விட்ட இடத்தில் தொடங்கியதுதான்.

2. நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடாதே. படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

3. முதலில் பஸ்ஸில் போகிற தூரத்தில் பழகு. ஐ.ஐ.எஸ்.சி., என்.சி.பி.எஸ்., ராமன் ஆராய்ச்சி நிலையம் எல்லாம் இந்த ஊரில்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே பேசுகிறார்கள். வெளியாட்களை விடும் செமினாராகப் பார்த்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார். பாதி புரியாது, பரவாயில்லை. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியும் சதாசிவநகரில் இருக்கிறது. மற்ற இரண்டு அகாடமிகளோடு சேர்ந்து அது நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுப் பயிற்சிக்குக் கட்டாயம் அப்ளை பண்ணு. ஒரு விஞ்ஞானி உன் கைவேலையைப் பார்த்திருந்தால்தான் பரிந்துரைக் கடிதத்தில் எழுத ஏதாவது இருக்கும். அறுபது பேர் வகுப்பில் ஒருவனாக உட்கார்ந்திருந்தவனுக்கு நான் என்ன எழுதினேன் தெரியுமா? "ஒழுக்கமானவன், நேரத்துக்கு வருவான்." வாட்ச்மேன் வேலைக்கு வேண்டுமானால் ஆகும்.

அது முடிந்தால் குட்டிப் பயணம். ஒகினாவாவில் ஓ.ஐ.எஸ்.டி., வியன்னா பக்கத்தில் ஐ.எஸ்.டி.ஏ. இந்த இரண்டு ஆய்வு நிறுவனங்களும் பட்டப்படிப்பு மாணவர்களைச் சில மாதம் லேபில் சேர்த்துக்கொண்டு உதவித்தொகையும் தருகின்றன.

4. 'தகுதி' என்ற பத்தியை எல்லாவற்றுக்கும் முன்னால் படி. கர்நாடகத்தில் 2021-ல் நாலு வருஷ டிகிரி வந்தது, 2024-ல் மறுபடியும் மூன்று வருஷம் ஆனது. மூன்று வருஷ பி.எஸ்.சி.யை ஐரோப்பாவில் சில இடங்கள் ஏற்கும். அமெரிக்காவில் பல இடங்கள் நாலு கேட்கும்.

அந்தப் பத்தி ஆள் பார்ப்பதில்லை. இயற்பியலாளர் அன்னா மணி 1940-களில் இங்கே ராமனிடம் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு நிறமாலைப் படம் விழ 15, 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் லேபிலேயே கழிந்தன. தனியாக ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஆய்வேட்டைக் கொடுத்தபோது, எம்.எஸ்.சி. இல்லை என்று டாக்டர் பட்டம் மறுத்துவிட்டார்கள். அதே வருஷம் அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். படிக்க நினைத்தது இயற்பியல், உதவித்தொகை இருந்ததோ வானிலைக் கருவிகளுக்கு. அதையே படித்தார். 1948-ல் திரும்பிவந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழி பண்ணினார். கிடைக்கிற துறை நீ கேட்ட துறைக்குப் பக்கத்து வீடாக இருந்தால் ஒரு ராத்திரியாவது யோசி.

5. கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில் போட்டுக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. உன் பணம்தான், மாதாமாதம் உனக்கே வரும். முதலில் அதைப் புரட்டப்போவது உன் அப்பா. ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, கையில் மாதம் 1,400 யூரோவும் வரும். முதலில் அதைத் தேடு.

6. கன்சல்டன்ஸிக்குத் தாராளமாகப் போ. அங்கே இருப்பவருக்குக் கமிஷன் தருவது யார் என்று கேட்டுவிட்டு உட்கார்.

7. கடைசியாக இனிஷியல். நம் தமிழ்க் குடும்பங்களின் பரம்பரைத் தலைவலி. இரண்டாம் வருஷமே மார்க்ஸ் கார்டு, ஆதார், பாஸ்போர்ட் மூன்றையும் மேஜையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார். என் தங்கை மகள் பார்க்கவில்லை. மார்க்ஸ் கார்டில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. அமெரிக்க விசாவில் அவள் பெயருக்கு முன்னால் 'எஃப்.என்.யு.' என்று விழுந்தது. 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாம். லேப் அடையாள அட்டையிலும் அதுவே ஏறிவிட்டது. பக்கத்து மேஜைச் சீனத்துப் பையன் வருஷம் பூராவும் அவளை "ஃப்னூ" என்றுதான் கூப்பிட்டான்.