கரையில் நிற்கும் நேரம்தான் பேட்டரியின் ஆயுள்

படகு பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை, படகு கரையில் நிற்கும் நேரம்தான் முடிவு செய்கிறது. கோவை கணபதியில் பேட்டரிப் பட்டறை வைத்திருக்கும் நான், நண்பர்களின் பைபர் படகு வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கம் போய்வந்ததில் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்.

எங்கள் கொங்குப் பக்கம் மீன்பிடி என்றால் பவானிசாகரும் மேட்டூரும். அங்கே பரிசல்தான், கைவிளக்கைத் தாண்டி பேட்டரிக்கு வேலை குறைவு. கடல் படகில் அப்படியில்லை. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், விளக்கு எல்லாம் ஒரே பேட்டரியை நம்பி ஓடுகின்றன. ஆனால் வீட்டு இன்வெர்ட்டரானாலும் கடல் படகானாலும் பேட்டரி கெடும் விதம் ஒன்றுதான். 2012 மின்வெட்டுக் காலத்தில் வீடு வீடாக இன்வெர்ட்டர் மாட்டிய கோவை மெக்கானிக்குகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஈய பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல சார்ஜர் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

100 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரியின் எடை 25 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுத் திரும்பச் சுமக்க வேண்டுமென்றால், அலுப்பில் சில நாள் தவறத்தான் செய்யும். சார்ஜரைப் படகிலேயே நிரந்தரமாக மாட்டச் சொல்வது இதற்காகத்தான். சுமக்கும் வேலை போனால் சார்ஜ் தவறாது.

கணக்கு போட்டு வாங்குங்கள்

கருவிகள் எல்லாம் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால், 10 மணி நேரத்தில் 100 ஏஎச் பேட்டரியில் பாதி காலி. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பட்டறைகளில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 10 ஆம்பியர் சார்ஜர். போன 50 ஏஎச்சைத் திருப்ப 5 மணி நேரம் போதும் என்று தோன்றும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் 7, 8 மணி நேரம் வையுங்கள். உங்கள் படகு கரையில் அவ்வளவு நேரம் நிற்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது பேட்டரி வகை. தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு 14.4 முதல் 14.8 வோல்ட் வரை போகலாம். ஜெல் பேட்டரிக்கு 14.2 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு அதற்கென்றே செய்த சார்ஜர்தான் வேண்டும். வகை மாற்றும் சுவிட்ச் உள்ள சார்ஜரானால், அது எந்த நிலையில் இருக்கிறதென்று மாட்டும் அன்றே பாருங்கள். வெயிலையும் மறக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். 40 டிகிரி சூட்டில் 0.3 வோல்ட் வரை வித்தியாசம் வரும். இதைத் தானே சரிசெய்துகொள்ளும் வெப்ப சென்சார் உள்ள சார்ஜருக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பில்லை.

எஞ்சின் ஸ்டார்ட்டுக்கு ஒரு பேட்டரி, கருவிகளுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தால், இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்கும் இரட்டை அவுட்புட் சார்ஜர் வாங்குங்கள்.

மாட்டும் இடமும் வயரும்

கோவையில் தூசிதான் எதிரி, கடற்கரையில் உப்பு. தண்ணீர் புகாத ஐபி67 தரச் சார்ஜரே படகுக்கு ஏற்றது. அதையும் அலை தெறிக்கும் இடத்தில் மாட்ட வேண்டாம். பேட்டரிக்கு நேர் மேலேயும் கூடாது. சார்ஜ் ஏறும்போது எழும் ஆசிட் ஆவி சார்ஜரை அரித்துவிடும். கூடவே ஹைட்ரஜன் வாயுவும் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். ஆகவே பெட்டியின் மேல்பக்கத்தில் காற்றுத் துளை கட்டாயம் வேண்டும். சார்ஜரின் அலுமினியத் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டினால் சூடு எளிதாக மேலேறிப் போகும்.

வயரில் சிக்கனம் பார்ப்பவர்கள் சார்ஜருக்குக் கொடுத்த காசை வீணாக்குகிறார்கள். சார்ஜர் பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 6 மீட்டர். 1.5 சதுர மிமீ வயரில் 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், சார்ஜரில் 14.4 காட்டும், பேட்டரியில் 13.7தான் இருக்கும். 6 சதுர மிமீ போட்டால் அந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். கடலுக்கு ஈயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்கட்டும்.

கரையிலிருந்து வரும் 230 வோல்ட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் பிளக்கை மாட்டவே மாட்டாதீர்கள். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது. எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டும் பழக்கம் உயிரை எடுக்கும். மணலில் ஏற்றி நிறுத்தும் படகுக்குப் பக்கத்தில் பிளக்கே இல்லையென்றால், சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் மாட்டுங்கள்.

பராமரிப்பு

"அண்ணாச்சி, பேட்டரி புதுசுதான், வயர்லெஸ்ல பேச ஆரம்பிச்சா ஆஃப் ஆயிருது" என்று ஒரு படகுக்காரர் அழைத்தார். கேட்கும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காத 25 வாட் விஎச்எஃப் செட், பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கரண்டைப் போகவிடாமல் டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. சமையல் சோடா கரைத்த தண்ணீர் மூடித் துளைக்குள் போகாமல் பார்த்துக் கழுவி, தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவியதும் சரியாகிவிட்டது. இதை மாதம் ஒருமுறை செய்யுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் பேட்டரிக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு ஊற்றிச் சார்ஜ் போடுங்கள். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு நிரப்புங்கள். கடல் தண்ணீர் உள்ளே போன பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது, நச்சான குளோரின் வாயு வரும்.

சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6க்கு மேல் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12.0க்கு இறங்கினால் அன்றே சார்ஜ் போட்டாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கென்று வரும் டியூபுலர் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் 1.240 காட்டினால் முழுச் சார்ஜ்.

நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உச்ச வெயிலில் பேட்டரி சும்மா கிடக்கும் காலமும் அதுதான். சூடு ஏற ஏற, உபயோகிக்காமலே இறங்கும் சார்ஜும் கூடும். முழுச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சார்ஜ் போடுங்கள். நம்பிக்கையான மூன்று கட்டச் சார்ஜர் இருந்தால் 13.5 வோல்ட் ஃபுளோட்டில், அதாவது நிரம்பிய பேட்டரியை இறங்காமல் தாங்கும் கட்டத்தில், விட்டுவைக்கலாம். புயல் எச்சரிக்கையால் நாள்கணக்கில் கரையில் நிற்கும் சின்னப் படகுக்கும் இதே விதி.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செய்தி எட்டும் தூரத்தில் இருக்கும் படகுக்கும் வயர்லெஸ்ஸில் உயிர் இருந்தால்தான் அது காதில் விழும். ஆகவே சார்ஜ் போடுவது யார் பொறுப்பு என்று படகில் ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். கிளம்பும் முன் பார்த்த வோல்ட்டேஜைத் தேதியோடு ஒரு நோட்டில் அவர் எழுதிவரட்டும். 12.7 என்று இருந்த எண் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்தால், பேட்டரியைக் கரையில் இருக்கும்போதே மாற்றிவிடலாம்.