190 இ காருக்கு காஸ்வொர்த் என்ஜின் சரிவருமா?

கேள்வி: என்னிடம் 1989 மாடல் மெர்சிடிஸ் 190 இ 2.0 இருக்கிறது. நல்ல நிலையில்தான் ஓடுகிறது, ஆனால் இழுவை போதவில்லை. 16 வால்வு காஸ்வொர்த் என்ஜினை மாட்டி, ‘எவோ’ காரில் இருப்பதுபோல் பின்னால் பெரிய இறக்கையும் வைக்க ஆசை. பழைய கார்களுக்கான ‘எச்’ நம்பர் பிளேட்டும் வேண்டும். நடக்குமா?
– ஒரு வாசகர், டோர்ட்முண்ட், ஜெர்மனி

பதில்: காஸ்வொர்த் வேண்டாம். ஆசை எனக்குப் புரிகிறது. உங்கள் காரில் இருக்கும் எம்102 குடும்பத்து என்ஜினைத்தான், ராலி பந்தயத்துக்கென்று இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனத்திடம் மெர்சிடிஸ் கொடுத்தது. அவர்கள் அதற்கு 16 வால்வு சிலிண்டர் ஹெட் வடித்தார்கள். அதற்குள் நான்கு சக்கர இழுவை கொண்ட ஆடி குவாட்ரோ ராலியைத் தன் வசமாக்கிவிட, திட்டம் சாலைக் காராக மாறியது. அதுதான் 185 குதிரைத்திறன் கொண்ட 2.3-16. 1983-இல் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் 50,000 கி.மீ. தூரத்தை மணிக்குச் சராசரியாக 247.9 கி.மீ. வேகத்தில் ஓடி முடித்தது. மறு ஆண்டு நூர்பர்க்ரிங் புதிய பாதையின் திறப்பு விழாப் பந்தயத்தில் இதே காரில் ஐர்டன் சென்னா முதலாவதாக வந்தார், நிக்கி லௌடா இரண்டாவது.

சிக்கலே இந்தப் புகழ்தான். மொத்தம் சுமார் 18.8 லட்சம் 190-கள் வெளிவந்தன. அவற்றில் 2.3-16 இருபதாயிரம்கூட இல்லை. ஹெட் சம்பந்தப்பட்ட பாகங்களை யானை விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆரம்ப கால என்ஜின்களின் ஒற்றை வரிசை டைமிங் செயின் அறுந்துபோகக் கூடியது. பிறகு வந்த 2.5-16-இல்தான் இரட்டை வரிசை போட்டார்கள். இன்னொன்று, இந்த என்ஜின் பலம் காட்டுவது உயர்ந்த சுழற்சியில். நகரத்துக்குள் இழுவை இல்லை என்பது உங்கள் குறையானால் இது மருந்தல்ல.

அதற்குப் பதிலாக, இதே மாடலில் வந்த ஆறு சிலிண்டர் 2.6 என்ஜினைத் தேடுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு 160 குதிரைத்திறன், உங்களுடையது 118-தான். கீழ்ச் சுழற்சியிலேயே பட்டுப்போல் இழுக்கும். ஏ.எம்.ஜி. நிறுவனமே இதைத்தான் 3.2 லிட்டராகப் பெருக்கி 234 குதிரைத்திறன் எடுத்தது. 190-இன் பந்தயப் பிள்ளையான எவோ 2-க்கு அதைவிட ஒன்றே ஒன்றுதான் அதிகம்! வாங்கும்போது வால்வு ஸ்டெம் சீல் தேய்ந்து நீலப் புகை வருகிறதா, முன்பக்கத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். என்ஜினோடு 2.6-இன் பிரேக்கும் ரேடியேட்டரும் வந்தாக வேண்டும். முடிந்தால், விபத்தில் சிக்கிய ஒரு 2.6 காரையே முழுதாக வாங்கிவிடுங்கள்.

‘எச்’ பிளேட்டுக்கு 30 வயதும் பழைமை கெடாத நிலையும் தேவை. அதே மாடலில் அந்தக் காலத்திலேயே தொழிற்சாலை விற்ற என்ஜின் என்பதால், 2.6-க்காக வாதாடுவது எளிது. ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே வாகனச் சோதனை நடத்தும் டுஃப் (TÜV) அமைப்பின் ஆய்வாளரிடம் போய்ப் பேசுங்கள். வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்கிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

இறக்கை? எவோ 2 மொத்தம் 502 கார்கள்தான். பந்தய விதி கேட்டதற்காகக் கட்டியவை. அந்த இறக்கையும் முன்பம்பருக்குக் கீழே உள்ள தகடும் ஒரே கணக்கில் அமைந்தவை. இறக்கையை மட்டும் வைத்தால் ஆட்டோபானில் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரங்களின் பிடி குறையும். விடுங்கள்.

என்ஜின் தேடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 1988 இலையுதிர் காலத்துக்குப் பிறகு வந்த 190-களின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் பலகைகள் உண்டு. அவற்றைக் கழற்றி, ஜாக் வைக்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே பளபளக்கும் வண்டிகூட உள்ளே ஓட்டையாக இருக்கும். அங்கே கையை விட்டால் தகடு உதிர்ந்ததென்றால், என்ஜினுக்கு வைத்திருக்கும் காசு வெல்டருக்குத்தான். தகடு உறுதியாக இருந்தால் பின் சஸ்பென்ஷனுக்கு வாருங்கள். சக்கரத்துக்கு ஐந்து இணைப்புத் தண்டுகள் கொண்ட அந்த அமைப்பை, 1982-இல் இந்தக் காரில்தான் மெர்சிடிஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீண்ட காலம் மற்ற மாடல்களிலும் தொடர்ந்தது. 35 ஆண்டு பழைய ரப்பர் புஷ்களை எல்லாம் மாற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இழுவை போதவில்லை என்று தோன்றினால் 2.6-ஐத் தேடலாம்.